'லுக் ஃபார்வர்டு டு': மெயிலின் கடைசி வரியில் சறுக்காமல் இருக்க

வேலை தேடிய காலத்தில் நான் அனுப்பிய விண்ணப்ப மெயில்கள் இன்னும் என் 'சென்ட்' பெட்டியில் கிடக்கின்றன. போன மாதம் ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 43. அதில் 41 மெயில், பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று சொல்வதாக நினைத்து, 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிகிறது. மிச்சம் இரண்டு, 'லுக்கிங் ஃபார்வர்டு ஃபார் யுவர் ரிப்ளை'. இரண்டு முடிவுமே தப்பு. அந்த மெயில்களோடு போன பயோடேட்டாவையும் கடிதத்தையும் 1,500 ரூபாய் கொடுத்து ஒரு பயிற்சி மையத்தில் திருத்தி வாங்கியிருந்தேன் என்பதுதான் கொடுமை. எழுத்துருவை மாற்றினார்கள், ஓரத்தில் நீலக் கோடு போட்டார்கள், கடைசி வரியைத் தொடவே இல்லை.

பிறகு சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்து, லண்டன் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் மெயில் எழுத வேண்டி வந்தது. எங்கள் டீம் லீட் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த 'ஹியர்' பக்கத்துல ஒரு 'இங்' போடுப்பா" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்று போய்விட்டார். 'இங்' போட்டேன். ஆனால் காரணம் தெரியாததால் அடுத்த மாதமே வேறு வினைச்சொல் வந்த இடத்தில் மறுபடி சறுக்கினேன்.

இப்போதுதான் வேலைக்கோ மேல்படிப்புக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆரம்பிக்கிறீர்கள் என்றால், கீழே உள்ளதை வரிசையாகப் படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

1. முதலில் 'எதிர்பார்க்கிறேன்' என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் மழையையும் எதிர்பார்க்கிறோம், சம்பள உயர்வையும் எதிர்பார்க்கிறோம், ஊரிலிருந்து வரும் அம்மாவையும் எதிர்பார்க்கிறோம். ஒரே சொல் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு வழி இருக்கிறது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

'எக்ஸ்பெக்ட்' என்பது கணக்கு. நடக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது, அது நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. ரயில் தாமதமாக வரும் என்றும் எக்ஸ்பெக்ட் பண்ணலாம். ஆனால் ஒரு மனிதரிடம் போய் 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்றால், பதில் போடுவது உன் கடமை என்று மேலதிகாரி தோரணையில் கேட்கும். வேலை கேட்டு எழுதுகிறவர் வாயில் அது வரக்கூடாது. 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்' என்று வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டால் கதையே வேறு. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று அர்த்தம்.

'வெயிட் ஃபார்' என்றால் காத்திருப்பது. உங்கள் வேலை அங்கே நிற்கிறது, அவர் பதில் சொன்னால்தான் நகரும். 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் வாசலில் நின்று காலிங் பெல்லை விடாமல் அழுத்துவது மாதிரி இருக்கும்.

'ஹோப்' என்றால் நடக்குமா என்பது உறுதியில்லை, நடந்தால் நல்லது.

'லுக் ஃபார்வர்டு டு' என்றால் நடக்கப்போகிறது, அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது என்று பொருள். தீபாவளிக்கு நாள் எண்ணும் பிள்ளையின் மனநிலை. எதிர்காலம், மகிழ்ச்சி என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் இந்தத் தொடரைக் கையில் எடுங்கள். முன்னால் பார்ப்பது என்று சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொருள் தேட வேண்டாம். மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே வினையாக வேலை செய்கின்றன.

'லுக்' என்பதோடு எது ஒட்டுகிறதோ அதற்கேற்பப் பொருள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'லுக் ஃபார்' என்றால் தேடுவது. அவசரத்தில் நடுவில் உள்ள சொல்லை விட்டுவிட்டு 'லுக்கிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று எழுதினால், உங்கள் பதிலைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

2. அந்த 'டு' எந்த 'டு' என்று பாருங்கள்

எல்லோரும் விழும் குழி இதுதான், எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பள்ளிக்கூடத்தில் 'டு' வந்தால் பின்னால் வினைச்சொல்லின் முதல் வடிவம் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டு கோ, டு ஈட், டு ஸ்லீப். 'ஐ வான்ட் டு கோ' என்பதற்கு அது சரி. ஆனால் ஆங்கிலத்தில் 'டு' என்ற பெயரில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வினைக்கு முன்னால் வருபவர். இன்னொருவர் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருபவர், 'ஐ வென்ட் டு மதுரை' என்பதில் இருப்பவர். நம் தொடரில் இருப்பது இந்த இரண்டாம் ஆள். அவருக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும். வினைச்சொல்லைக் கொடுத்தால் அதற்கு 'இங்' என்ற சட்டையை மாட்டிப் பெயராக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஹியர் என்பது ஹியரிங் ஆகும், மீட் என்பது மீட்டிங் ஆகும், வொர்க் என்பது வொர்க்கிங் ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், நம் தமிழும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறது. 'உங்களைச் சந்திக்க எதிர்பார்க்கிறேன்' என்று யாராவது சொன்னால் காதில் உறுத்தும். 'சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்' என்றுதான் வரும். சந்திக்க என்ற எச்சத்தைச் சந்திப்பது என்று பெயராக்கி, அதற்கு 'ஐ' உருபும் போட்டுத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். அதே சமயம் 'சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்றால் சரியாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஈகர் டு மீட் யூ' என்றால் 'இங்' தேவையில்லை, 'லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ' என்றால் தேவை. சந்திக்க என்று வருமிடத்தில் மீட், சந்திப்பதை என்று வருமிடத்தில் மீட்டிங். இந்த ஜோடியைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்று சொல்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை. 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்டு டு இட்' என்றால் நிற்கிறது. 'ஐ வான்ட் டு இட்' என்றால் உடைகிறது. நிற்கும் இடத்தில் எல்லாம் பின்னால் வரும் வினைக்கு 'இங்' போடுங்கள். 'ஆப்ஜெக்ட் டு', 'கமிட்டெட் டு' போன்ற தொடர்களுக்கும் இதே சோதனை பலிக்கும். ஷிப்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட்ஸ்' என்றால் இரவு வேலை எனக்குப் பழக்கம். 'ஐ யூஸ்டு டு வொர்க் நைட்ஸ்' என்றால் முன்பு செய்தேன், இப்போது இல்லை. ஒரு 'ஆம்', ஒரு 'இங்', வேலையே மாறிவிடும்.

பெயர்ச்சொல்லையே நேரடியாக வைத்தால் 'இங்' தொல்லையே கிடையாது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை' என்பது முழுக்கச் சரி. முதல் வாரத்தில் பயமாக இருந்தால் இதை மட்டும் எழுதுங்கள்.

'ஃபார்' போடுவது நம் ஊரில் மிக அதிகமாகக் கண்ணில் படும் தப்பு. 'வெயிட்டிங் ஃபார்' என்பதன் வால் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். 'லுக்கிங் ஃபார்வர்டு ஃபார்' என்று ஒன்று கிடையாது. அதேபோல் யாராவது கூட்டத்துக்கு அழைத்தால் 'யெஸ், லுக்கிங் ஃபார்வர்டு' என்று பாதியில் நிறுத்தாதீர்கள், 'டு இட்' வரை போங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஃபார்வர்டு' என்ற சொல்லின் நடுவில் 'ஈ' எழுத்து வராது. புத்தகத்தின் முன்னுரைக்கு இதேபோல் ஒலிக்கும் வேறொரு சொல் உண்டு, அந்தக் குழப்பத்தில்தான் 'ஈ' உள்ளே வருகிறது.

3. 'ஐ லுக்'கா, 'ஐ ஆம் லுக்கிங்'கா

இரண்டும் சரி. வித்தியாசம் உடையில் இருக்கிறது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு' என்பது இஸ்திரி போட்ட சட்டை, முன்பின் தெரியாதவர்களுக்கும் விண்ணப்பங்களுக்கும். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு' கொஞ்சம் நெருக்கமானது, பழகியவர்களுக்கும் சக ஊழியர்களுக்கும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு' என்று முன்பாதியை விட்டுவிட்டு ஆரம்பிப்பது இன்னும் இயல்பானது, தினசரி அலுவலக மெயிலுக்குப் போதும்.

'ஐ'யை மட்டும் விட்டுவிட்டு 'லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதுவதை நான் தவிர்த்துவிடுவேன். கண்டிப்பானவர் ஒருவர் படித்தால், 'நீ ஆவலோடு காத்திரு' என்று அவருக்கே உத்தரவு போட்டது மாதிரி இருக்கும்.

ரொம்ப ஆவல் என்று காட்ட 'வெரி' போட முடியாது. 'ஐ ஆம் வெரி லுக்கிங் ஃபார்வர்டு' என்பது உடைந்த வாக்கியம். 'ரியலி லுக்கிங் ஃபார்வர்டு டு', அல்லது 'வெரி மச் லுக் ஃபார்வர்டு டு' என்று எழுதுங்கள். 'ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு மண்டே' என்றால் திங்கட்கிழமையை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று பொருள். நடக்காமல் போனதற்கு 'வாஸ் லுக்கிங் ஃபார்வர்டு டு' போடலாம். ரத்தான பயணத்துக்கு அது சரியாகப் பொருந்தும்.

4. எந்தக் கடிதத்தில் எந்த வரி

வேலை விண்ணப்பக் கடிதம்: 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ.' முற்றுப்புள்ளி. அதன் கீழே விடைபெறும் சொல். 'டியர் சர் ஆர் மேடம்' என்று ஆரம்பித்திருந்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லி ஆரம்பித்திருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரிட்டிஷ் முறை. 'பாசிட்டிவ் ரிப்ளை' என்று சேர்க்காதீர்கள். எனக்குச் சாதகமாகத்தான் பதில் போட வேண்டும் என்று சட்டையைப் பிடிப்பதுபோல இருக்கும். 'ஏர்லியஸ்ட் ரிவர்ட்' என்பதும் வேண்டாம். நம் அலுவலகங்களில் 'ரிவர்ட்' என்றால் பதில், லண்டன்காரருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது.

நேர்முகத் தேர்வை உறுதிசெய்யும் மெயில்: 'ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ ஆன் டியூஸ்டே.' இங்கே நாளைச் சேர்த்து எழுதினால், தேதியை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பேராசிரியருக்கு: நீங்கள் கேட்டதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்றால், 'லுக் ஃபார்வர்டு டு வொர்க்கிங் வித் யூ' என்று எழுதாதீர்கள். நிச்சயமே ஆகாத பெண்ணை மருமகளே என்று கூப்பிடுவது மாதிரி. 'டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விசா விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம்: இதில் இந்தத் தொடரை நான் வைக்கவே மாட்டேன். பிரிட்டனுக்கான பார்வையாளர் விசா என்றால், வந்த வேலை முடிந்ததும் நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள் என்பதை அதிகாரி நம்ப வேண்டும். அங்கே போய் 'உங்கள் நாட்டில் வாழ்வதை ஆவலோடு எதிர்நோக்குகிறேன்' என்ற தொனி வந்தால் வம்பு. தேதி, காரணம், செலவுக்குப் பணம், திரும்பும் ஏற்பாடு, ஒரு நன்றி. அவ்வளவு போதும். உங்களை அழைக்கும் உறவினரின் அழைப்புக் கடிதத்தில் 'வீ லுக் ஃபார்வர்டு டு வெல்கமிங் ஹர்' என்று இருக்கலாம், அது அழைப்பவரின் மகிழ்ச்சி.

ஐஇஎல்டிஎஸ் (வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) பொதுப் பிரிவு எழுதுகிறவர்களுக்கு: எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். அதில் முதல் பணி ஒரு கடிதம், குறைந்தது 150 சொல், 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். கடைசி வரி பெரும்பாலும் இந்தத் தொடராகத்தான் இருக்கும். மதிப்பெண்ணுக்குப் பார்க்கும் நான்கு அம்சங்களில் இலக்கணமும் ஒன்று. படித்து முடிக்கும்போது கண்ணில் படுகிற கடைசி வாக்கியத்தில் 'டு ஹியர்' என்று விட்டுவைக்காதீர்கள். நண்பருக்கு எழுதும் கடிதம் என்றால் 'கான்ட் வெயிட் டு சீ யூ' என்றும் முடிக்கலாம். அங்கே இருப்பது முதல் ஆள் 'டு', 'இங்' வராது. கல்விப் பிரிவில் முதல் பணியாக வரைபடமோ அட்டவணையோ வரும், அங்கே இந்தத் தொடருக்கு வேலையில்லை.

5. எங்கே எழுதவே கூடாது

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பு மேலாளரின் தாயார் இறந்துவிட்டார். இணையத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். 'இங்' எல்லாம் ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்ட திமிரில், 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஜாயினிங் தி மெமோரியல் சர்வீஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வர நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன் என்பது இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவர் 'தேங்க் யூ' என்று மட்டும் பதில் போட்டிருந்தார்.

துக்கம், நோய், வேலை நீக்கம், மன்னிப்புக் கேட்பது, இந்த நான்கிலும் இந்தத் தொடர் வேண்டாம். 'ஐ வில் பி தேர்' என்றால் போதும், வருகிறேன் என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, புகார்க் கடிதம். பிரிட்டனில் கடைக்கோ நிறுவனத்துக்கோ புகார் எழுதும்போது, '14 நாட்களுக்குள் உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்' என்று இதே தொடரால் முடிப்பது வழக்கம். அதில் மகிழ்ச்சி ஒரு சொட்டும் இல்லை. பல்லைக் காட்டாமல் கெடு வைக்கும் மரியாதை அது. உங்களுக்கு அப்படி ஒரு மெயில் வந்தால் சிரித்த முகம் என்று நினைத்துவிடாதீர்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்துக் குழி: கூட்டத்தை முன்கூட்டியே வைக்க நாம் 'ப்ரீபோன்' என்போம். பிரிட்டனில் அது பலருக்குப் புரியாது. 'பிரிங் ஃபார்வர்டு' என்றுதான் சொல்வார்கள். அதை நம் தொடரோடு குழப்பிக்கொண்டு ஒருமுறை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

6. எப்போது அனுப்புவது

நேர்முகம் முடிந்தால் நன்றி மெயில் 24 மணி நேரத்துக்குள். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்றால் ஏழு முதல் பத்து நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல், பிறகு இரண்டு வாரம் விட்டு இன்னொன்று, அதோடு விட்டுவிடுங்கள். இது என் அனுபவக் கணக்கு, சட்டம் கிடையாது. நினைவூட்டலில் பழைய கடைசி வரியையே ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஆவலோடு இருப்பதாகச் சொல்லிவிட்டீர்கள். 'எனி அப்டேட் வுட் பி அப்ரீஷியேட்டட்' என்று மாற்றுங்கள்.

லண்டனுக்கு எழுதுகிறவர்கள் கடிகாரத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. அவர்களின் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நம் மதியம் 2.30, கோடையில் 1.30. நம் காலை 9 மணிக்கு அனுப்பினால் அவர் கண் விழிக்கும் முன் உங்கள் மெயிலின் மேல் இருபது மெயில் ஏறிவிடும்.

7. செலவு

பைசா செலவில்லை. கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியும் இணையத்தில் இலவசம். தேடினால் தொடர் முழுவதும் எடுத்துக்காட்டோடு வரும். பிபிசியும் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஆங்கிலம் கற்க இலவசத் தளங்கள் வைத்திருக்கின்றன. கூகுளின் என்கிராம் வியூவரில் 'லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம்', 'லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம்' என்ற இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அச்சான புத்தகங்களில் எது ஓங்கி நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

கிராமர்லி போன்ற திருத்தும் செயலிகளின் இலவசப் பதிப்பே இந்த 'இங்' பிழைக்குப் போதும். ஆனால் அவற்றை முழுக்க நம்பாதீர்கள். என் துக்க மெயிலுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடும் வரவில்லை. காசு கொடுத்துத் திருத்தி வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'டு ஹியரா, டு ஹியரிங்கா, ஏன்?' ஏன் என்பதற்குப் பதில் வராவிட்டால் பையை மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

8. பழைய பிரதிகளை வேட்டையாடுங்கள்

கற்றுக்கொண்ட அன்றே இதைச் செய்துவிடுங்கள், நான் செய்யாமல் விட்டது இதைத்தான். மெயிலின் கையொப்பப் பகுதி, 'டிராஃப்ட்' பெட்டி, கைபேசியில் சேமித்த குறுக்கு வாக்கியங்கள், பயோடேட்டாக் கோப்புறையில் உள்ள பழைய கடிதங்கள் என்று எல்லாவற்றிலும் 'ஃபார்வர்டு' என்று தேடிப் பிடித்துத் திருத்துங்கள். வேலை தேடும் தளங்களில் ஒருமுறை பதிந்த விண்ணப்பக் கடிதம் அப்படியே உட்கார்ந்திருக்கும், பட்டனை அழுத்தும்போதெல்லாம் தானாகவே போகும். என் மெயில்கள் திருந்தி இரண்டு வருடம் ஆன பிறகும், அந்தத் தளத்திலிருந்து என் பெயரில் 'டு ஹியர்' போய்க்கொண்டேதான் இருந்தது.